பொறியும் அதன் பராமரிப்பும்: அரச கணனி நிலையங்களின் ஒப்பந்த வரலாறு பற்றிக் கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

ஓர் அரசு பெரும் பொறியொன்றை வாங்கும்பொழுது இரண்டு ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்படுகின்றன. பொறி யாருக்கு உரியது என்பதை முதலாவது ஒப்பந்தம் கூறும். அது பழுதுற்றால் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உரியது என்பதை இரண்டாவது ஒப்பந்தம் கூறும். முதலாவது ஒப்பந்தம் பத்திரிகைகளின் முகப்பில் இடம்பெறும்; அமைச்சர்கள் நாடா வெட்டுவர். இரண்டாவது ஒப்பந்தமோ திணைக்களக் கோப்புகளுள் உறங்கும். ஆயினும் பொறியின் வாழ்நாள் முழுவதும் அதன்மீது மெய்யான ஆட்சி செலுத்துவது இவ்விரண்டாவது ஒப்பந்தமே என்பது நாம் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்தாகும்.

அரசுகள் நடத்தும் கணனி நிலையங்களின், சிறப்பாக மீத்திறன் கணனி நிலையங்களின், தொழில்நுட்பப் பராமரிப்பு ஒப்பந்த அடிப்படையில் வெளியாரிடம் ஒப்படைக்கப்பட்டு வந்த வரலாறே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. கல்முனையிலோ சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ அத்தகைய நிலையம் எதுவுமில்லை. அவ்வாறாயின் இப்பொருளை அம்பாறைக் கரையோரத்திலிருந்து நோக்க வேண்டியது ஏன் என்ற வினா எழுவது இயல்பே. இதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, சுதந்திர இலங்கை அந்நிய நிறுவனமொன்றுடன் செய்துகொண்ட முதலாவது பெரும் பொறியியல் ஒப்பந்தம் நிறைவேறிய களம் இப்பிரதேசத்தின் மேற்கெல்லையே. இரண்டாவது, மீத்திறன் கணனிகளின் தலையாய பயன்களுள் ஒன்றான வானிலை எதிர்வுகூறல் இக்கரையோரத்து மீனவரதும் வயற்காரரதும் உயிரோடும் உடைமையோடும் தொடர்புடையது. 1978 நவம்பர் 23ஆம் திகதியின் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் கடற்கோளையும் கண்ட மக்களுக்கு, எச்சரிக்கை தரும் பொறியை யார் பேணுகின்றனர் என்பது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவாகாது.

இலக்கிய மாணவருக்கு இவ்வாராய்ச்சியில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒப்பந்தமும் ஒரு பனுவலே. அதில் எழுவாயாக நிற்பவர் யார், செயப்படுபொருளாக நிற்பவர் யார், எந்தச் சொல் எந்த உறவை மறைக்கின்றது என்பவற்றை ஆராய்வது நமது துறைக்குப் புறம்பானதன்று. எடுத்துக்காட்டாக, 'தொழில்நுட்ப உதவி' என்னும் தொடரை நோக்குவோம். 'உதவி' என்ற சொல் நமது மரபில் கைம்மாறு கருதாத செயலைக் குறிப்பது. ஆண்டுதோறும் கட்டணம் பெற்று, அறிவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும்பொழுது மாத்திரம் ஆளனுப்பும் வணிக உறவுக்கு இச்சொல் சூட்டப்படும்பொழுது அவ்வுறவின் வர்க்கத் தன்மை மறைந்துபோகின்றது. கருத்துநிலை தொழிற்படுவது இத்தகைய சிறு சொற்களின் ஊடாகவேயாகும்.

2

கல்லோயாவிலிருந்து தொடங்குவோம். தமிழ் வழக்கில் பட்டிப்பளை ஆறு எனப்படும் இவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் பணி 1949இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த மொறிசன்-நூட்சன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை தாபிக்கப்பட்டது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே இதற்கு முன்மாதிரி. இரண்டு ஆண்டுகளுக்குள் அணை எழுந்தது. ஏறத்தாழ 7,70,000 ஏக்கர்-அடி நீரைக் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. மண்வெட்டியும் தட்டும் கொண்டு குளக்கட்டுப் போட்டுப் பழகிய நாட்டில், மண் அள்ளும் பாரப் பொறிகளின் வேகம் அன்று பெரும் வியப்பை விளைவித்தது. புதிய குடியேற்றக் கிராமங்களுள் மிகப் பெரும்பாலானவை சிங்கள விவசாயிகளுக்கும் சில தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் உரியவாயின. அதன் அரசியல் விளைவுகள், 1956இல் கல்லோயாவில் நிகழ்ந்த இனக் கலவரம் உட்பட, தனியே விரிவாக ஆராயப்பட வேண்டியவை.

நமது பொருளுக்கு வேண்டிய செய்தி பிறிதொன்று. அணை கட்டும் ஒப்பந்தத்திற்கு முடிவுத் திகதி இருந்தது. வாய்க்காலைப் பேணும் வேலைக்கோ முடிவுத் திகதி இல்லை. ஒப்பந்தகாரர் புறப்பட்டுச் சென்ற பின்னர் மூன்று தசாப்தங்களில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன. மடைக் கதவுகள் பழுதுற்றன. கடைமடைக் காணிகளுக்கு நீர் எட்டவில்லை. அணை தேசத்தின் பெருமையாகவும் வாய்க்கால் எவருக்கும் உரியதல்லாததாகவும் இருந்தமையே இதற்கு அடிப்படைக் காரணம் எனலாம்.

1979இல் அமெரிக்க நிதியுடன் தொடங்கிய நீர் முகாமைத்துவத் திட்டம் முதலில் இதனையும் பொறியியற் குறைபாடாகவே கண்டது. ஆயின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, பட்டதாரி இளைஞர்களை ஒழுங்கமைப்பாளர்களாக வயல்வெளிக்கு அனுப்பியபொழுது எதிர்பாராத விளைவொன்று தோன்றியது. விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடித் தம் வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பகிர்ந்தனர். 1981இன் வரட்சியின்போது தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் தமது பங்கைச் சிக்கனப்படுத்திக் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கும் நீர் சென்றடைய வழிசெய்தமை பதிவாகியுள்ளது. பராமரிப்பு அறிவு பயன்படுத்துவோரின் கைக்கு வந்தபொழுது உற்பத்தி உறவு மாத்திரமன்றி மனித உறவும் ஓரளவு மாற்றமுற்றது என்பதை இது உணர்த்துகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழைய முறையைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நமது நோக்கமன்று. நீரையும் வாய்க்காலையும் கவனித்த வட்டவிதானை பெரும்பாலும் போடிமாரின் செல்வாக்கிற்கு உட்பட்டவராகவே இருந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியமை முற்போக்கான நடவடிக்கையே. அறிவு உள்ளூரில் இருத்தல் மாத்திரம் போதாது. உள்ளூரில் எந்த வர்க்கத்தின் கையில் அது இருக்கின்றது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். கணனி வரலாற்றிலும் இவ்வுண்மை மீண்டும் எதிர்ப்படுவதைப் பின்னர் காண்போம்.

3

அரசும் கணிக்கும் பொறியும் சந்தித்த முதற் களம் குடிசன மதிப்பீடாகும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டிற்கு ஹேர்மன் ஹொலரித் என்பவரின் துளையட்டைப் பொறிகள் பயன்பட்டன. அட்டையில் துளையிட்டுச் செய்தி பதிக்கும் முறை, ஏற்கெனவே பிரான்சின் ஜக்கார்ட் தறியில் நெசவுக் கோலங்களை ஆள்வதற்குப் பயன்பட்டதே. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையின் நெசவாளர் இவ்வுறவை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆயின் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. நெசவாளியின் தறி அவர் வீட்டிலேயே இருந்தது. அச்சு முறிந்தால் ஊர்த் தச்சர் சரிசெய்வார். ஹொலரித் தமது பொறிகளை அரசுக்கு விற்கவில்லை, வாடகைக்கே கொடுத்தார். பொறியின் உடைமையும் அதன் பராமரிப்பும் ஒரே கையில் நிலைத்தன.

இவ்வாடகை முறையின் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. கட்டணம் பற்றிய பிணக்கு முற்றியதனால், 1910ஆம் ஆண்டின் மதிப்பீட்டிற்காக அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் தன் சொந்தப் பட்டறையில் பொறிகளை உருவாக்க நேர்ந்தது. உலகின் முன்னணி முதலாளித்துவ அரசே தனியார் பராமரிப்பு ஏகபோகத்திலிருந்து விடுபடத் தன் பட்டறையை நாடியது என்பது கருதத்தக்கது. ஹொலரித்தின் நிறுவனம் 1911இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்தது, 1924இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. வாடகை முறையோ தொடர்ந்தது. பொறியை வாடகைக்குப் பெற்றவர் அதே நிறுவனத்தின் அட்டைகளையே வாங்குதல் வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1936இல் செல்லாதெனத் தீர்த்தது. 1956இல் அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, ஐ.பி.எம். தன் பொறிகளை விற்பனைக்கும் வைத்தல் வேண்டும். வெளியார் பழுதுபார்ப்பதற்கு உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வழங்குதல் வேண்டும் என்றாயிற்று.

இவ்விணக்கத்தின் பொருள் ஆழமானது. பொறியை வாங்கியவருக்கு அதனைத் திறக்கும் அறிவும் கிடைக்காவிடின் விற்பனை முழுமையான விற்பனையாகாது என்பதை மூலதனத்தின் தாயகத்து நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அமெரிக்க எல்லைக்குள் ஏற்கப்பட்ட இவ்வுரிமை, அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளுக்கு எவ்வளவு தூரம் கிடைத்தது என்பதை இந்தியாவின் வரலாறு காட்டும்.

4

கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு 1955இல் பிரித்தானியாவிலிருந்து எச்.ஈ.சி.-2எம் என்ற கணனி வந்து சேர்ந்தது. இந்தியாவிற்கு வந்த முதல் இலத்திரனியற் கணனி இதுவே. வழங்கிய நிறுவனத்தின் பராமரிப்பாளர் எவரும் உடன் வரவில்லை. நிறுவனத்தின் பொறியியலாளர் முன்கூட்டியே இங்கிலாந்து சென்று பயின்று வந்தனர். பெட்டிகளைத் திறந்து, பொறியைத் தாமே பொருத்தி இயக்கினர். பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு படி முன்னே சென்றது. அங்கு ஆர். நரசிம்மன் முதலியோர் வடிவமைத்த டிப்ராக் என்ற கணனி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பொறியைக் கட்டியோரே அதனைப் பேணியோராகவும் இருந்த காலம் அது.

இக்கட்டம் நீடிக்கவில்லை. 1960களில் அரச திணைக்களங்களும் பெரும் தொழில் நிறுவனங்களும் ஐ.பி.எம். கணனிகளை வாடகைக்குப் பெறலாயின. மேலைநாடுகளில் பயன்பட்டுக் கழிந்த 1401 வகைப் பொறிகள் இந்தியாவில் புதுக்கப்பட்டு மீண்டும் வாடகைக்கு விடப்பட்டன. வேறிடத்தில் தேய்மானம் கண்ட பொறியிலிருந்து குறைவளர்ச்சி நாடொன்றில் இரண்டாம் முறையும் வாடகை பெறும் இவ்வழக்கம், சமமற்ற பரிவர்த்தனைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டம் அந்நியப் பங்குடைமையைப் பொதுவாக 40 சதவீதத்திற்கு மட்டுப்படுத்தியது. முழு உடைமையை விட்டுக்கொடுக்க மறுத்த ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது.

இங்குதான் பராமரிப்பு என்பது அரசியற் பிரச்சினையாக முன்னுக்கு வந்தது. நிறுவனம் வெளியேறினாலும் அதன் பொறிகள் நாட்டில் இருந்தன. அவற்றைப் பேணுவது யார்? இந்திய அரசு இதனை முன்னுணர்ந்து 1970களின் நடுப்பகுதியிலேயே கணனிப் பராமரிப்புக் கூட்டுத்தாபனம் ஒன்றைத் தாபித்திருந்தது. பின்னர் சி.எம்.சி. எனச் சுருங்க அறியப்பட்ட இந்நிறுவனம் நாடெங்கும் சுமார் 800 ஐ.பி.எம். நிலையங்களின் பராமரிப்பைப் பொறுப்பேற்றது. பொறிகள் நின்றுவிடும் என்ற எதிர்வுகூறல்கள் பொய்த்தன. வெவ்வேறு நிறுவனங்களின் பொறிகளைத் திறந்து பழகியதனால் இப்பொறியியலாளர் பெற்ற அறிவு எந்தத் தனி நிறுவனத்தின் பொறியியலாளருக்கும் வாய்க்காத விரிவுடையதாயிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் இந்தியப் புகையிரத ஆசன முன்பதிவைக் கணனிமயப்படுத்திய முறைமையை உருவாக்கியோரும் இவர்களே. பழுதுபார்ப்பு என்னும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட உழைப்பு படைப்பு உழைப்பாக உயர்ந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. சி.எம்.சி. அரச நிறுவனமாயிருந்தது; ஆயின் அதன் அறிவு அதன் தொழிலாளருக்கோ மக்களுக்கோ உரியதாக நிறுவனமயப்படவில்லை. எனவே 2001இல் இந்திய அரசு தன் 51 சதவீதப் பங்குகளை டாட்டா குழுமத்திற்கு விற்றபொழுது, கால் நூற்றாண்டாகப் பொதுப் பணத்தில் திரண்ட அனுபவமும் அப்பங்குகளுடன் சேர்ந்தே கைமாறியது. 2015இல் அந்நிறுவனம் டி.சி.எஸ். நிறுவனத்துள் கரைந்தது. அந்நிய ஏகபோகத்திற்கு எதிராகப் பிறந்த அமைப்பு உள்நாட்டுப் பெருமூலதனத்தின் உடைமையாக முடிந்தது. தேசிய முதலாளித்துவத்தின் வரலாற்று எல்லை எதுவென்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

5

மீத்திறன் கணனியின் வருகை இம்முரண்பாட்டை மேலும் கூர்மைப்படுத்தியது. சாதாரண கணனியைக் காட்டிலும் இதன் பராமரிப்பு சிக்கலானது. ஆயிரக்கணக்கான செயலிகள், அவற்றை இணைக்கும் வலை, வெப்பத்தை அகற்றும் குளிரூட்டல், இடையறாத மின்வழங்கல், பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்குதல் வேண்டும். அவற்றுள் ஒன்று தளரினும் கணிப்பு நின்றுவிடும். நாளைய மழையை நாளை மறுநாள் கூறும் கணனியால் எவருக்கும் பயனில்லை. ஆதலின் வழங்குநரின் பொறியியலாளரை நிலையத்திலேயே தங்கவைக்கும் வழக்கம் இத்துறையில் தொடக்கத்திலிருந்தே வேரூன்றியது. பராமரிப்புக் கட்டணம் பொறியின் விலையோடு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளையாயிற்று.

1980களில் இந்தியா பருவமழை ஆய்விற்காக அமெரிக்காவிடமிருந்து கிறே நிறுவனத்தின் கணனியொன்றைப் பெற முயன்றது. பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவனத்திற்கென விரும்பிய வலுமிக்க பொறி மறுக்கப்பட்டது. நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின்னர், அதனினும் வலுக்குறைந்த எக்ஸ்.எம்.பி.-14 வகைப் பொறியே புதுடில்லியில் 1988இல் தாபிக்கப்பட்ட மத்திம கால வானிலை எதிர்வுகூறல் தேசிய நிலையத்திற்கு வழங்கப்பட்டது. அணுவாயுத ஆய்விற்குப் பயன்படலாகாது, வானிலைக்கே பயன்படல் வேண்டும் என்பதும், அதனை உறுதிப்படுத்தும் காவல் ஏற்பாடுகளும் உடன்பாட்டின் பகுதிகளாயின. விலை கொடுத்தது ஓர் அரசு. தன் பொறியில் எதனைக் கணிக்கலாம் என்பதை வரையறுத்தது இன்னோர் அரசு. இறைமை என்னும் சொல்லின் உள்ளடக்கம் எத்துணை சுருங்கியிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இம்மறுப்பே எதிர்விளைவையும் தோற்றுவித்தது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் 1986இலேயே புளோசால்வர் என்ற இணைக்கணனியைக் கட்டியிருந்தது. 1988இல் பூனாவில் தாபிக்கப்பட்ட சி-டாக் நிறுவனம் விஜய் பட்கரின் தலைமையில் 1991இல் பரம் 8000 என்ற கணனியை வெளியிட்டது. அதன் செயலிகள் பிரித்தானியாவில் உருவான டிரான்ஸ்பியூட்டர்களே. எனவே அதனை முற்றிலும் சுதேசிப் பொறி எனக் கொள்ள இயலாது. ஆயின் சில்லுகளை ஒன்றிணைக்கும் அமைப்பும் மென்பொருளும் கட்டியவர் அறிந்தவை. ஆதலின் அதனைத் திறக்க எவரது அனுமதியும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், சந்தையில் கிடைக்கும் 144 கணுக்களைப் பின்னித் திறந்த மூல மென்பொருளால் இயங்கும் கப்ரு என்ற கணனித் தொகுதியை உருவாக்கியது. 2004இல் அது உலகின் முதல் 500 கணனிகளின் பட்டியலில் இடம்பெற்றது. பௌதிக ஆய்வாளர் தம் கருவியைத் தாமே அறிந்திருந்தமையே அம்முயற்சியின் சிறப்பாகும்.

இரு போக்குகளும் இன்றும் அருகருகே நிலவுகின்றன. 2018இல் இந்திய வானிலை ஆய்விற்காக நிறுவப்பட்ட பிரத்யுஷ், மிகிர் ஆகிய இரண்டும் கிறே நிறுவனத்தின் பொறிகள். அவற்றின் கூட்டுத்திறன் 6.8 பெற்றாபுளொப்ஸ். 2024 செப்டெம்பர் 26ஆம் திகதி, 850 கோடி ரூபா செலவில் அர்க்கா, அருணிகா என்னும் இரு வானிலைக் கணனிகள் தொடக்கிவைக்கப்பட்டன. இவை பிரான்சிய நிறுவனமொன்றின் தயாரிப்புகள். அதே நாளில், அதே விழாவில், 2015இல் தொடங்கிய தேசிய மீத்திறன் கணனித் திட்டத்தின் கீழ் உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட பரம் ருத்ரா கணனிகள் மூன்றும் தொடக்கிவைக்கப்பட்டன. ஒரே மேடையில் இரண்டு உற்பத்தி உறவுகள் நின்றன எனலாம். விழா உரைகள் இரண்டையும் ஒரே பெருமையாகவே எண்ணின. பத்து ஆண்டுகளின் பின் எப்பொறியின் பழுதை யார் நீக்குவர் என்ற வினாவே அவற்றை வேறுபடுத்தும்.

6

இலங்கைக்கு மீள்வோம். இங்கு அரச கணனியின் வரலாறு 1960களின் பிற்பகுதியில் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்துடன் தொடங்குகின்றது. 1983இல் தேசியக் கணனிக் கொள்கை வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்கவின் தலைமையில் சின்டெக் எனப்பட்ட கணனிக் கவுன்சில் தோன்றியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் அதனிடத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மையை அமைத்தது. 'கவுன்சில்' என்பது 'முகவராண்மை'யாக மாறியமை பெயர் மாற்றம் மாத்திரமன்று. அரசு தொழில்நுட்பத்தை அறிந்து ஆலோசிக்கும் நிலையிலிருந்து கேள்விப்பத்திரம் கோரிக் கொள்வனவு செய்யும் நிலைக்கு நகர்ந்தமையை அது குறிக்கின்றது.

இந்நகர்வின் விளைவுகள் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டன. 2021இல், அரச முகிற் கணனியில் வைக்கப்பட்டிருந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபட்டன. ஒப்பந்த அடிப்படையில் அவற்றைக் கையாண்டது தனியார் நிறுவனம் ஒன்றாகும். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஆகஸ்டில் அதே அரச முகிலின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாதவாறு இழக்கப்பட்டன. காலங்கடந்த மென்பொருள் புதுப்பிக்கப்படாதிருந்தமையும், அக்காலப்பகுதிக்குரிய காப்புப்பிரதி இல்லாதிருந்தமையுமே காரணங்களெனக் கூறப்பட்டன. புதுப்பிப்பதற்குப் பணம் இல்லாதிருந்தது என்பதும் கூறப்பட்டது. நாடு வங்குரோத்து நிலையை அறிவித்த 2022இன் நெருக்கடியை இதனுடன் சேர்த்து நோக்குதல் வேண்டும். சிக்கனக் கொள்கை முதலிற் கை வைப்பது பராமரிப்புச் செலவிலேயே. கட்டடத்தின் திறப்பு விழாவை ஒத்திவைத்தால் ஊர் அறியும். காப்புப்பிரதி எடுப்பதை நிறுத்தினால் எவரும் அறியார். இங்கினியாகலை அணைக்கும் அதன் வாய்க்காலுக்கும் இடையே நாம் கண்ட உறவு இங்கும் அவ்வாறே அமைகின்றது.

வானிலைத் துறையில் நிலைமை இன்னும் நுட்பமானது. நமது வளிமண்டலவியல் திணைக்களம் பிறநாட்டு நிலையங்களின் பெருங்கணனிகள் தரும் கணிப்புகளைப் பெரிதும் துணைக்கொள்கின்றது. வானிலைத் தரவுகளை நாடுகள் பரிமாறிக்கொள்வது மனிதகுலத்தின் நல்ல மரபுகளுள் ஒன்று. அதனை அந்நியச் சார்பு எனப் பழித்தல் தகாது. ஆயினும் எச்சரிக்கைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் யாரால் பேணப்படுகின்றது என்று வினவுதல் நமது கடமை. 2004இல் ஹவாயிலுள்ள பசிபிக் நிலையம் நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் 15 நிமிடங்களில் அறிவித்தல் விடுத்தது. அலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கணிப்பு இருந்தது; காலமும் இருந்தது; அச்செய்தியைக் கல்முனைக்கும் மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் கொண்டுசேர்க்கும் கண்ணியே இல்லாதிருந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமேயாகும். அதன் பின்னரே, 2007இல், ஐதராபாத்தில் இந்தியக் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கியது.

அக்கண்ணி இன்று முழுமையுற்றுவிட்டதா? 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட தாழ்ந்த வீதியில், மதரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது, சிறுவர்கள் மாண்டனர். அத்தாழமுக்கம் பற்றிய எதிர்வுகூறல் முன்னரே வெளிவந்திருந்தது. கோடிக்கணக்கான கணிப்புகளின் பயனாகப் பிறந்த எச்சரிக்கை, வீதிக்கு வந்தபொழுது வலுவிழந்து நின்றது. மீத்திறன் கணனியின் பராமரிப்பு அதன் குளிரூட்டிய அறையோடு முடிவதில்லை. வெள்ளம் பாயும் வீதியின் மதகு வரை அது நீளுகின்றது. அறைக்குள் இருக்கும் பகுதிக்கு மாத்திரம் ஒப்பந்தம் எழுதி எஞ்சியதை விதியிடம் விட்டுவிடும் அரசு, தன் பொறியின் பயனை அறியாத அரசேயாகும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். அனைத்தையும் நாமே செய்தல் வேண்டும் என்ற குறுகிய தன்னிறைவு வாதம் தீர்வாகாது. பரம் 8000 பிறநாட்டுச் சில்லில் இயங்கியமை அதற்கு இழுக்கன்று. உற்பத்திச் சக்திகள் உலகளாவியவை, அறிவும் அவ்வாறே. மறுபுறம், பராமரிப்பை அரசிடம் ஒப்படைத்தால் போதும் என்ற எளிய முடிவும் நிலைக்காது. வட்டவிதானை முறை உள்ளூர் அறிவின் வர்க்க எல்லையைக் காட்டியது, சி.எம்.சி. அரச அறிவின் வர்க்க எல்லையைக் காட்டியது. இடதுகரை விவசாயக் குழுக்களின் அனுபவம் இவ்விரண்டையும் கடந்து செல்லும் வழியொன்றைச் சுட்டுகின்றது. பொறியோடு அன்றாடம் பழகுவோர் அதனைத் திறக்கவும் அறியவும் அதுபற்றித் தீர்மானிக்கவும் ஒழுங்கமைந்த உரிமை பெறுதலே அவ்வழியாகும்.

இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. அரசு செய்யும் ஒவ்வொரு கணனி ஒப்பந்தத்திலும் பொறியின் முழு ஆவணங்களும் உதிரிப்பாகங்களும் பெறும் உரிமை எழுதப்படல் வேண்டும். குறித்த ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் பணியாளர் பராமரிப்பைப் பொறுப்பேற்கும் வாசகம் சேர்க்கப்படல் வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தங்கள் கொள்வனவு ஒப்பந்தங்களைப் போன்றே மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் மாணவர் பொறியைப் பயன்படுத்துவோராக மாத்திரமன்றிப் பேணுவோராகவும் பயிற்றப்படல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. 1956இல் அமெரிக்க நீதிமன்றம் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வழங்கியவற்றுட் சில பகுதிகளே இவை.

அணையைக் கட்டியோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வாய்க்காலைத் துப்புரவு செய்தோரின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் மாரிப் போகம் விளைந்தது பின்னவரின் உழைப்பினாலேயே. கணனி யுகத்தின் வரலாறும் இதுவரை முன்னவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பேணுவோரின் வரலாறாக அதனை மீள எழுதுதல் நமது தலைமுறை ஆய்வாளரின் பணியாகும். அப்பணி ஒப்பந்தங்களின் வாசகங்களைப் படிப்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.